கைகழுவச் சொன்ன செம்மல்

நம் மொழியில் ஒரு வழக்கு உண்டு. ஒருவன் தான் ஏற்ற பொறுப்பை நடுவழியில் உதறிவிட்டால், அவன் அதைக் கைகழுவிவிட்டான் என்று சொல்கிறோம். கைகழுவுதல் என்றால் தொடர்பை அறுத்துக்கொள்ளுதல். பழியிலிருந்து விலகி நிற்றல். இவ்வழக்கிற்கு நேர்மாறான பொருளைத் தம் வாழ்க்கையால் எழுதிச் சென்றார் ஒரு மருத்துவர். பழி நம் கையில்தான் இருக்கிறது, ஆகவே கையைக் கழுவ வேண்டும் என்பதே அவர் கண்ட உண்மை. அந்த உண்மை எண்ணற்ற தாய்மாரின் உயிரைக் காத்தது. கண்டவரை மட்டும் அது காக்கவில்லை.

அவர் பெயர் இக்னாஸ் செம்மல்வைஸ். வகுப்பில் அப்பெயரை முதன்முதலாகக் கேட்டபோது என் செவியில் விழுந்தது 'செம்மல்' என்னும் நம் சொல்தான். அஃது ஒலியால் நேர்ந்த ஒற்றுமையே தவிர வேறில்லை. ஹங்கேரியில் வாழ்ந்த ஜெர்மன் மொழிக் குடும்பம் ஒன்றின் பெயருக்கும் நம் சொல்லுக்கும் உறவு ஏது? ஆயினும் அவருடைய வரலாற்றைப் படித்து முடித்தபின், பெயர் பொருத்தமாகவே அமைந்துவிட்டது என்று எண்ணினேன்.

நான் மருத்துவன் அல்லேன். நுண்ணுயிர்களைப் பற்றிப் பயிலும் மாணவன். மருத்துவமனைக்குள் நுழைந்த பிறகு நோயாளிக்கு வந்து சேரும் நோய்களைப் பற்றிப் படிக்கத் தொடங்குவோர் எவரும் முதலில் சந்திக்கும் மனிதர் இவர்தாம். நம் சங்கத்து நண்பர்களுக்கும் அவரை அறிமுகம் செய்து வைப்பது என் விருப்பம்.

இளமையும் கல்வியும்

ஹங்கேரியின் தலைநகரை இன்று புடாபெஸ்ட் என்கிறோம். அன்று அஃது ஒரே நகரம் அன்று. டான்யூப் ஆற்றின் இரு கரைகளிலும் புடா என்றும் பெஸ்ட் என்றும் இரண்டு நகரங்கள் இருந்தன. 1873-ஆம் ஆண்டில்தான் அவை ஒன்றாயின. புடாவில், வசதி படைத்த மளிகை வணிகர் ஒருவரின் மகனாக, 1818-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் பிறந்தார் செம்மல்வைஸ்.

சட்டம் பயில்வதற்காக 1837-இல் வியன்னா நகருக்குச் சென்றார். மறு ஆண்டே சட்டத்தை விட்டு மருத்துவத்திற்கு மாறினார். 1844-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். முதலில் விரும்பிய துறைகளில் இடம் கிடைக்கவில்லை. ஆகவே பிள்ளைப்பேறு மருத்துவத்தைத் தேர்ந்துகொண்டார். நல்ல ஆசிரியர்கள் வாய்த்தது அவர் பேறு. பிணங்களை அறுத்து நோயின் தடயங்களைத் தேடும் கலையில் ரோகிடான்ஸ்கி, நெஞ்சு நோய்களில் ஸ்கோடா, தோல் நோய்களில் ஹெப்ரா ஆகியோர் அந்நாளில் வியன்னாவுக்குப் புகழ் தேடித் தந்தவர்கள். கண்ணால் கண்டதை நம்பு, எண்ணிப் பார்த்து முடிவு செய் என்னும் பாடத்தை அவர்களிடம் கற்றார் செம்மல்வைஸ்.

1846-ஆம் ஆண்டு ஜூலையில் வியன்னாப் பொது மருத்துவமனையின் முதற் பிரசவக் கூடத்தில், பேராசிரியர் கிளைனின் உதவியாளராக அமர்ந்தார். அப்போது அவருக்கு வயது 28. அங்கேதான் அவருடைய வாழ்க்கைப் போர் தொடங்கியது.

ஒரே கூரை, இரண்டு கூடங்கள்

அம்மருத்துவமனை 1784-இல் இரண்டாம் ஜோசப் மன்னர் நிறுவியது. ஏழைப் பெண்களும், மணமாகாமல் தாயானவர்களும் அங்கே பணம் இல்லாமல் பிள்ளை பெறலாம். அதற்கு ஈடாக, மாணவர்கள் பயிற்சி பெறுவதற்கு அவர்கள் தம்மை ஒப்புக்கொடுக்க வேண்டும். பிரசவப் பகுதியில் இரண்டு கூடங்கள் இருந்தன. முதற் கூடத்தில் மருத்துவ மாணவர்கள் பயின்றார்கள்; இரண்டாம் கூடத்தில் மருத்துவச்சிகள் பயின்றார்கள். இன்று வருபவர்களுக்கு முதற் கூடம், நாளை வருபவர்களுக்கு இரண்டாம் கூடம் என்று நாள் மாற்றிப் பெண்களைச் சேர்த்தார்கள்.

இரண்டிற்கும் ஒரே கூரை, ஒரே காற்று, ஒரே சமையல். ஆனால் சாவு மட்டும் ஒன்றாக இல்லை. 1846-ஆம் ஆண்டில் முதற் கூடத்தில் 4,010 பிரசவங்கள் நடந்தன. 459 தாய்மார் இறந்தார்கள். நூற்றுக்குப் பதினொருவருக்கு மேல்! இரண்டாம் கூடத்தில் 3,754 பிரசவங்களில் 105 பேர் இறந்தார்கள். நூற்றுக்கு மூவர்கூட இல்லை. கொன்ற நோய்க்குப் பிரசவ ஜன்னி என்று பெயர். பிள்ளை பெற்ற சில நாட்களில் காய்ச்சல் காணும், அடிவயிறு வீங்கி வலிக்கும், நாடி தளரும், பிறகு சாவு. பல வேளைகளில் பிறந்த சிசுவும் தாயைத் தொடர்ந்து போகும்.

படித்தவர்களின் ஏட்டில் இருந்த இக்கணக்கு நகரத்து ஏழைப் பெண்களுக்கு ஏடு இல்லாமலே தெரிந்திருந்தது. முதற் கூடத்திற்கு உரிய நாளில் வந்து சேர்ந்துவிட்ட பெண்கள், இரண்டாம் கூடத்தில் சேர்க்கும்படி மண்டியிட்டுக் கெஞ்சினார்கள். இன்னும் ஒரு விந்தை உண்டு. மருத்துவமனைக்கு வரும் வழியில் தெருவிலேயே பிள்ளை பெற்றுவிட்டு உள்ளே வந்த பெண்களுக்கு இந்நோய் மிகக் குறைவாகவே கண்டது! தெருப்புழுதியில் பெற்றவள் பிழைக்கிறாள். பேராசிரியரின் கூடத்தில் பெற்றவள் இறக்கிறாள். இதைவிடக் கொடிய கேள்வி ஒரு மருத்துவனின் முன் வந்து நிற்க முடியுமா?

காரணங்கள் பல கூறப்பட்டன. காற்றில் விஷம் பரவியிருக்கிறது என்றார்கள். அப்படியானால் அது சுவருக்கு இப்பால் மட்டும் வீசுமா? கூட்ட நெருக்கடி என்றார்கள். பெண்கள் அனைவரும் விரும்பிப் போன இரண்டாம் கூடத்தில்தான் நெருக்கடி மிகுதி. இரண்டாம் கூடத்தில் பெண்கள் ஒருக்களித்துப் படுத்துப் பிள்ளை பெற்றார்கள். முதற் கூடத்திலும் அவ்வாறே படுக்கச் செய்து பார்த்தார் செம்மல்வைஸ். பயன் இல்லை. சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கு இறுதிச் சடங்கு செய்யப் பாதிரியார் மணியொலியுடன் முதற் கூடத்தின் அறைகள் வழியாகச் செல்வார். அந்த அச்சமே பெண்களைக் கொல்கிறது என்றார் சிலர். மணியை நிறுத்தி, வேறு வழியாகச் சென்று உதவும்படி பாதிரியாரைக் கேட்டுக்கொண்டார். சாவு குறையவில்லை.

நோயின் மூலத்தைத் தேடிய பிறகே மருந்தைத் தேட வேண்டும் என்னும் அறிவுரை வள்ளுவரைப் படித்த நமக்குப் புதிதன்று. வியன்னாவில் அவ்வாறு தேடியவர் ஒருவர் இருந்தார். ஆனால் மூலம் அகப்படவில்லை.

நண்பரின் சாவு

1847-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், மனச்சோர்வு நீங்கச் சில நாட்கள் வெனிஸ் நகருக்குச் சென்றிருந்தார் செம்மல்வைஸ். திரும்பி வந்ததும் பேரிடி ஒன்று காத்திருந்தது. அவர் பெரிதும் மதித்த பேராசிரியர் கோலெச்கா இறந்துவிட்டார். பிணப் பரிசோதனை நடந்தபோது மாணவர் ஒருவரின் கத்தி தவறிப் பேராசிரியரின் விரலில் பட்டது. சிறு காயந்தான். அதிலிருந்து உடல் முழுவதும் நஞ்சேறி, மார்ச்சு 13-ஆம் நாள் அவர் உயிர் பிரிந்தது.

துயரத்தோடு துயரமாக, நண்பரின் பிணப் பரிசோதனை அறிக்கையைப் படித்தார் செம்மல்வைஸ். படிக்கப் படிக்க அவர் திடுக்கிட்டார். அங்கே எழுதப்பட்டிருந்த அழற்சிகளும் சீழும் அவர் நாள்தோறும் பார்த்தவை. பிரசவ ஜன்னியில் இறந்த பெண்களின் உடலில் எவை இருந்தனவோ, அவையே ஆண் மகனான கோலெச்காவின் உடலிலும் இருந்தன! அப்படியானால் இது பிரசவத்திற்கே உரிய நோய் அன்று. பிணத்திலிருந்து ஏதோ ஒன்று கத்தியின் வழியாகக் கோலெச்காவின் இரத்தத்தில் சேர்ந்தது. அதே பொருள் பெண்களிடம் எவ்வழியாகச் சென்றது?

விடை தெளிவாக இருந்தது. முதற் கூடத்து மருத்துவர்களும் மாணவர்களும் காலையில் பிணக்கிடங்கில் அறுத்துப் பார்ப்பார்கள். அங்கிருந்து நேரே பிரசவக் கூடத்திற்கு வந்து பெண்களைப் பரிசோதிப்பார்கள். சோப்பினால் கழுவிய கையிலும் பிண வாடை போகாது. இரண்டாம் கூடத்து மருத்துவச்சிகளுக்கோ பிணக்கிடங்கில் வேலை இல்லை. தெருவில் பெற்றவளை எவர் கையும் தொடவில்லை. புதிர் முழுவதும் ஒரே நொடியில் அவிழ்ந்தது.

இங்கேதான் அந்த மனிதரின் பெருமையை நான் காண்கிறேன். அந்த மருத்துவமனையில் எல்லோரையும்விட மிகுதியாகப் பிணங்களை ஆராய்ந்தவர்களுள் அவரும் ஒருவர். உயிர் காக்க வேண்டும் என்ற ஆர்வத்தால் காலைதோறும் பிணக்கிடங்குக்குச் சென்றவர் அவர். அந்த ஆர்வமே எத்தனை தாய்மாரைக் குழியில் தள்ளியதோ! தம்மால் இறந்தவர்களின் தொகையைக் கடவுள் ஒருவரே அறிவார் என்னும் கருத்தைப் பிற்காலத்தில் தம் நூலிலேயே எழுதி வைத்தார். உண்மை தம்மையே குற்றவாளியாக்கும் என்று தெரிந்தும் அதை மறைக்காதவர் எத்தனை பேர்?

சுண்ணாம்பு நீரும் முதற் கட்டிலும்

1847 மே மாதத்தின் நடுவில், முதற் கூடத்தின் வாயிலில் குளோரின் கலந்த நீர் வைக்கப்பட்டது. உள்ளே நுழையும் ஒவ்வொருவரும் அதில் கைகளைத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்பது கட்டளை. பின்னர் விலை குறைந்த குளோரின் சுண்ணாம்பைப் பயன்படுத்தினார்கள். இன்று நாம் பிளீச்சிங் பவுடர் என்று சொல்லும் பொருள்தான் அது. நுண்ணுயிர் என்ற ஒன்றை அவர் அறியார். பிண வாடையைப் போக்கும் பொருள் பிண நஞ்சையும் போக்கும் என்று எண்ணியே அதைத் தேர்ந்தார்.

ஏப்ரல் மாதத்தில் நூற்றுக்கு 18 பேர் இறந்த கூடம் அது. ஜூனில் அத்தொகை ஏறத்தாழ 2 ஆயிற்று. ஜூலையில் ஒன்றை ஒட்டி நின்றது. 1848-ஆம் ஆண்டு முழுவதிலும் 3,556 பிரசவங்களில் 45 பேரே இறந்தார்கள். இரண்டாம் கூடத்தில் அவ்வாண்டு 3,219 பிரசவங்களில் 43 பேர். சாவுக் கூடம் என்று பெண்கள் அஞ்சிய இடம் மற்றதைப் போலவே ஆகிவிட்டது! அவ்வாண்டு மார்ச்சிலும் ஆகஸ்டிலும் ஒரு தாய்கூட இறக்கவில்லை.

இவ்வளவோடு கதை முடிந்திருந்தால், பிணத்தைத் தொட்டவன் கைகழுவ வேண்டும் என்ற ஒரு விதியோடு அவர் பெயர் நின்றிருக்கும். ஆனால் 1847 அக்டோபரில் நடந்த ஒரு நிகழ்ச்சி அவருக்கு மேலும் ஒரு பாடம் கற்பித்தது. கருப்பையில் புற்றுநோய் புரையோடிய ஒரு பெண் முதற் கட்டிலில் படுத்திருந்தாள். மருத்துவர்கள் வாயிலில் கைகழுவிவிட்டு உள்ளே வந்தார்கள். முதலில் அவளைப் பரிசோதித்தார்கள். பிறகு வெறும் சோப்பினால் கழுவிவிட்டு அடுத்தடுத்த கட்டில்களுக்குச் சென்றார்கள். அவளோடு பிரசவித்த பன்னிரண்டு பெண்களுள் பதினொருவர் இறந்தார்கள்!

பிணத்திலிருந்து மட்டும் அன்று, உயிரோடு இருக்கும் ஒரு நோயாளியிடமிருந்தும் மருத்துவரின் கை வழியாக மற்றொரு நோயாளிக்குச் சாவு செல்லும் என்று அன்று கண்டார். வாயிலில் ஒருமுறை கழுவினால் போதாது. ஒவ்வொரு கட்டிலுக்கும் இடையே கழுவ வேண்டும் என்று விதியை மாற்றினார். மருத்துவமனைத் தொற்று என்னும் இன்றைய அறிவுத்துறை முழுவதற்கும் வித்து இந்த ஒரு விதியில் இருக்கிறது என்று நான் துணிந்து சொல்வேன்.

ஏன் ஏற்கவில்லை?

இவ்வளவு தெளிவான கணக்கை உலகம் கொண்டாடியிருக்க வேண்டாமா? நடந்தது வேறு. ஹெப்ராவும் ஸ்கோடாவும் அவர் சார்பில் எழுதினார்கள், பேசினார்கள். பேராசிரியர் கிளைனும் அவரைச் சார்ந்தோரும் ஏற்கவில்லை. நோய் ஒன்றுக்குக் காரணம் ஒன்றே என்பது அந்நாளைய மருத்துவர்களின் காதுக்கு விந்தையாக இருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் எப்படிக் கொல்லும் என்று செம்மல்வைசாலும் விளக்க முடியவில்லை. பெரும்புகழ் பெற்ற ஜெர்மானிய அறிஞர் விர்ஹோவும் அவர் கருத்தை ஒப்புக்கொள்ளவில்லை.

இவற்றையெல்லாம்விட ஆழமான காரணம் ஒன்று உண்டு என்பது என் எண்ணம். கருத்தை ஏற்பவர் தம் கையைப் பார்க்க வேண்டும். அதனால் இறந்தவர்களை எண்ண வேண்டும். கீல் நகரத்துப் பேராசிரியர் மிக்கேலிஸ் அவ்வாறு எண்ணிப் பார்த்தவர். தம் உறவுப்பெண் ஒருத்திக்குப் பிரசவம் பார்த்து, அவள் ஜன்னியில் இறந்ததைக் கண்டவர். செம்மல்வைசின் முடிவு உண்மை என்று உணர்ந்தபோது அந்தச் சுமையை அவரால் தாங்க இயலவில்லை. 1848-இல் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். உண்மையை மறுத்தவர்கள் எல்லோரும் தீயவர்கள் அல்லர். பலர் அந்தச் சுமைக்கு அஞ்சியவர்கள்.

செம்மல்வைசின் பக்கமும் குறை இருந்தது. போற்றுவதற்காக அதை மறைத்துவிட்டால் இவ்வரலாறு வரலாறு ஆகாது. அவர் எழுதுவதை வெறுத்தார். கண்டுபிடித்தது 1847-இல்; தாமே மேடையேறி வியன்னா மருத்துவர் சங்கத்தில் பேசியது 1850-இல்; முழு நூல் வெளிவந்தது 1861-இல்! நடுவில் பதினான்கு ஆண்டுகள். கணக்கே தமக்காகப் பேசும் என்று நம்பினார். கணக்கு பேசும், ஆனால் யாராவது அதை எடுத்துரைக்க வேண்டும் அல்லவா?

பெஸ்ட் நகரில்

1848 ஐரோப்பாவெங்கும் புரட்சி மூண்ட ஆண்டு. மறு ஆண்டில் அவருடைய உதவியாளர் பதவி முடிந்தது. மீண்டும் அளிக்க மறுத்தார்கள். கற்பிக்கும் உரிமை கேட்டபோது, உயிருள்ள நோயாளியைக் காட்டாமல் பொம்மையைக் கொண்டு மட்டுமே கற்பிக்கலாம் என்று 1850-இல் அனுமதித்தார்கள். மனம் நொந்த அவர் நண்பர்களிடம்கூட விடைபெறாமல் சில நாட்களில் வியன்னாவை விட்டுப் புறப்பட்டார். அவருக்குப் பின் அக்கூடத்தில் கைகழுவும் விதி தளர்ந்தது. சாவு மீண்டும் ஏறியது.

பெஸ்ட் நகரில் புனித ரோக்கஸ் மருத்துவமனையின் பிரசவப் பகுதியை 1851-இல் ஊதியம் இன்றி ஏற்றார். ஆறு ஆண்டுகளில் அங்கே நடந்த 933 பிரசவங்களில் ஜன்னியால் இறந்தவர்கள் 8 பேர். 1855-இல் பெஸ்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அங்கே ஒருமுறை கைகழுவும் விதி நன்கு நடந்தபோதும் நோய் தலைகாட்டியது. தேடிப் பார்த்தார். வெளுத்து வந்ததாகச் சொல்லப்பட்ட படுக்கை விரிப்புகளில் பழைய இரத்தமும் கறையும் அப்படியே இருந்தன! துணியும் கையைப் போன்றதே என்று கண்டு, தூய விரிப்புகளுக்காக அதிகாரிகளோடு போராடினார்.

1857-இல் மரியா என்னும் மங்கையை மணந்தார். பிள்ளைகள் ஐவர் பிறந்தனர். இருவர் குழந்தைப் பருவத்திலேயே மறைந்தனர். அதே ஆண்டு சூரிச் பல்கலைக்கழகம் பதவி தந்து அழைத்தது. தாய்நாட்டை விட்டுச் செல்ல அவர் இசையவில்லை.

ஐந்நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட அவருடைய நூல் பிரசவ ஜன்னியின் காரணத்தையும் தடுப்பையும் பற்றியது. அட்டவணைகள் நிறைந்த அந்நூலுக்குக் கிடைத்த வரவேற்பு பெரும்பாலும் ஏளனமே. இத்தனை ஆண்டும் அடக்கி வைத்த சினம் கரை உடைத்தது. ஐரோப்பாவின் பெரிய பேராசிரியர்களுக்குப் பகிரங்கக் கடிதங்கள் எழுதினார். கைகழுவ மறுப்பவர்களைக் கொலைகாரர் என்றே அவற்றில் சாடினார். சொன்னதில் நியாயம் இருந்தது. சொன்ன முறையால் நண்பர்களும் விலகினார்கள்.

முடிவு

1865-ஆம் ஆண்டில் அவருடைய மனநிலை பிறழ்ந்தது. என்ன நோய் என்பதில் அறிஞர்களிடையே இன்றும் கருத்து வேற்றுமை உண்டு. ஜூலை இறுதியில் ஏதோ ஒரு புதிய மருத்துவ நிலையத்தைக் காட்டுவது போல அழைத்துச் சென்று, வியன்னாவில் மனநோய் விடுதி ஒன்றில் சேர்த்தார்கள். அழைத்துச் சென்றவர்களுள் பழைய நண்பர் ஹெப்ராவும் ஒருவர். வெளியேற முயன்றவரைக் காவலர்கள் அடித்து அடக்கினார்கள் என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர். கையில் இருந்த புண் சீழ் பிடித்து, நஞ்சு இரத்தத்தில் கலந்தது. இரண்டே வாரங்களில், ஆகஸ்டு 13 அன்று, 47-ஆம் வயதில் இறந்தார். கோலெச்காவைக் கொன்றது எதுவோ, ஆயிரமாயிரம் தாய்மாரைக் கொன்றது எதுவோ, அதுவே அவரையும் கொண்டு சென்றது.

அதற்கு முந்திய நாள், ஆகஸ்டு 12 அன்று, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஜோசப் லிஸ்டர் என்னும் மருத்துவர், வண்டி ஏறிக் கால் முறிந்த 11 வயதுச் சிறுவனின் புண்ணுக்குக் கார்பாலிக் அமிலம் இட்டுக் கட்டினார். சிறுவன் பிழைத்தான், புண் சீழ் பிடிக்கவில்லை. நுண்ணுயிர்களைப் பற்றிய பாஸ்டரின் ஆராய்ச்சியைப் படித்திருந்தவர் லிஸ்டர். 1879-இல் பிரசவ ஜன்னிக்குக் காரணமான நுண்ணுயிரைப் பாஸ்டரே சுட்டிக் காட்டினார். செம்மல்வைசால் விளக்க முடியாமற் போன துகளுக்குப் பெயர் கிடைத்தது. இன்று புடாபெஸ்டின் மருத்துவப் பல்கலைக்கழகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் பிறந்த வீடு மருத்துவ வரலாற்று அருங்காட்சியகமாக விளங்குகிறது. அவர் உடலும் அங்கேயே உறங்குகிறது.

இன்றைய கட்டில்கள்

பழங்கதை என்று இதை ஒதுக்கிவிட முடியுமா? முடியாது. இன்று இந்தக் கதை மிகக் கூர்மையாக நடக்கும் இடம் ஒன்றைச் சொல்கிறேன்.

எலும்பின் உள்ளே இருக்கும் மஜ்ஜையில், இரத்த அணுக்கள் அனைத்தையும் பெற்றெடுக்கும் மூல அணுக்கள் இருக்கின்றன. அவற்றை ஸ்டெம் செல் என்கிறார்கள். இரத்தப் புற்றுநோயோ தாலசீமியாவோ கண்ட குழந்தைகள் சிலருக்கு, கடும் மருந்துகளால் பழைய மஜ்ஜையை அழித்து, வேறொருவரின் மூல அணுக்களைச் செலுத்துகிறார்கள். நம் நாட்டில் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 1983-லும், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986-லும் இச்சிகிச்சை தொடங்கியது. புதிய அணுக்கள் வேரூன்ற இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். நோயை எதிர்க்கும் ஆற்றல் முழுதும் திரும்ப ஓர் ஆண்டோ அதற்கு மேலோ ஆகும். முன்பு போட்ட தடுப்பூசிகளின் காப்பும் தேய்ந்துவிடும். அதுவரை அக்குழந்தை கதவில்லாத வீடு.

அவ்வீட்டில் நுழையக் காத்திருப்பவை வைரஸ்கள். நமக்கு இரண்டு நாள் மூக்கொழுகலாக வந்து போகும் சுவாச வைரஸ் அக்குழந்தைக்கு நிமோனியாவாகி உயிரைக் குடிக்கலாம். வயிற்றுப்போக்குத் தரும் ரோட்டா வைரசும் நோரோ வைரசும் விளையாட்டுப் பொம்மையிலும் கதவுப் பிடியிலும் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். ஒருமுறை தொற்றினால், எதிர்ப்பாற்றல் இல்லாத குழந்தையின் உடலிலிருந்து வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வைரஸ் வெளிவந்துகொண்டே இருக்கும்; பக்கத்து அறைக் குழந்தைக்கும் அது செல்லும். இவற்றுள் பலவற்றிற்கு உறுதியான மருந்து இன்னும் இல்லை. தனி அறை, வடிகட்டிய காற்று, முகமூடி எல்லாம் துணை. ஆனால் தலையாய காவல் கைகழுவுதலே. நோரோ வைரசுக்குச் சாராயம் கலந்த கைத்திரவம் போதாது. சோப்பும் ஓடும் நீரும் வேண்டும். கட்டிலுக்கும் கட்டிலுக்கும் இடையே கழுவு என்று 1847-இல் இட்ட கட்டளை இன்றும் மாறவில்லை.

சென்ற கோடை விடுமுறையில் இத்தகைய வார்டு ஒன்றின் வெளியே சிறிது நேரம் நின்றேன். எங்களுக்குத் தெரிந்த குடும்பத்துச் சிறுமி உள்ளே இருந்தாள். தாய் உள்ளே போகுமுன் முழங்கை வரை தேய்த்துக் கழுவினார்; மறந்தும் முகத்தைத் தொடவில்லை. சிறுமியின் பாட்டி தொலைவிலிருந்து வந்திருந்தார். அன்று அவருக்குச் சளி. கண்ணாடிக்கு வெளியே நின்று கையை அசைத்துவிட்டு, உள்ளே போகாமலே திரும்பினார். பேத்தியை அணைத்துக்கொள்ளத் துடித்த கை அது. அதை அடக்கியதைவிடப் பெரிய அன்பு இருக்க முடியாது என்று எனக்குப் பட்டது.

நண்பர்களே, நம்மில் மருத்துவம் பயில்வோர் சிலரே. ஆனால் நோயுற்றவரைப் பார்க்கப் பழம் வாங்கிக்கொண்டு கூட்டமாகச் செல்லும் வழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. விடுதியில் ஒருவனுக்கு உடல்நலம் இல்லை என்றால் பத்துப் பேர் கட்டிலைச் சூழ்ந்து நிற்பது நம் அன்பின் அடையாளம். அந்த அன்பு குறைய வேண்டாம். சளியும் காய்ச்சலும் உள்ளவன் அன்று வெளியே நிற்கட்டும். மற்றவர்கள் கையைக் கழுவிவிட்டு உள்ளே செல்லட்டும். வெளியே வரும்போதும் கழுவட்டும். தாதி ஒருவர் நம்மைத் தடுத்தால் சினம் கொள்ளாமல் நன்றி சொல்வோம். மருத்துவர் ஆகப்போகிறவர்களோ, அவசரத்தின் நடுவில் ஒரு தாய் கைகழுவச் சொன்னால், அதை அவமதிப்பாக எண்ணாமல் ஏற்கட்டும்.

கிளைனின் கூடத்தில் இருந்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். கற்றவர்கள், உழைப்பாளிகள், உயிர் காக்க வந்தவர்கள். அவர்கள் கையிலும் சாவு இருந்தது. நம் கையிலும் இருக்கலாம் என்று ஒப்புக்கொள்ளும் பணிவு வாய்த்தால், தமிழில் 'கைகழுவுதல்' என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் சேரும். பொறுப்பை விடுவதற்கு அன்று, ஏற்பதற்குக் கைகழுவுவோம்.